கோடுகள் நான்கு, குரல் இல்லை

எங்கள் ஊர் வீட்டின் மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே திரும்பினாலும் மலை. மேற்கில் குமுளியைத் தோளில் தாங்கி நிற்கும் ஏலமலை. கிழக்கில் மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவே கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வடகிழக்காக நீண்டு தேனிப் பக்கம் விரிகிற இந்தத் தொட்டிலைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. 1895இல் அணை கட்டி, மேற்கே ஓடிய ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய கதையை எல்லோரும் அறிவார்கள். இருபோக நெல்லையும் திராட்சைப் பந்தலையும் திரைப்படங்களில் பார்த்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அன்று. எங்கள் வீட்டுச் சுவரில் ஆறு மாதம் தொங்கிய ஒரு சிறு பெட்டியைப் பற்றியது. அதற்குச் சிக்னல் பூஸ்டர் என்று பெயர்.

நாங்கள் என்று இங்கே சொல்வது உடன்பிறந்த மூவரை. மூவருமே பிழைப்பின் பொருட்டு வெளியூர்களில் இருக்கிறோம். கூடலூருக்கு அருகே, மலையடிவாரத்து வீட்டில் இருப்பவர்கள் அம்மாவும் அப்பாவும் மட்டுமே. இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கும் பாலம் ஒரு செல்பேசி. அது ஒருநாளும் ஒழுங்காகப் பேசியதில்லை. ஓர் அழைப்பில் அம்மா பத்துத் தடவை "கேக்குதா?" என்பார். நாங்களும் பதிலுக்கு அதையே கேட்போம். பல நாட்களில் எங்கள் உரையாடல் முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லாகவே இருந்து முடிந்துவிடும்.

இலக்கியம் பேசும் இடத்தில் சிக்னலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பிரிவும், பிரிந்தவருக்குச் செய்தி அனுப்புவதும் தமிழில் மிகப் பழைய பாடுபொருள்கள். மேகத்தையும் கிளியையும் தென்றலையும் தூது விட்ட மொழி இது. தூது போன மேகம் மலையில் முட்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு நாங்கள் தேடிய விடை தவறானது என்பதைக் கொஞ்சம் தாமதமாகவே புரிந்துகொண்டோம். அந்தத் தவற்றைச் சொல்வதற்காகவும், அதன் பழி முழுவதும் எங்களைச் சேர்ந்ததன்று என்பதைச் சொல்வதற்காகவும் இதை எழுதுகிறோம்.

*

பூஸ்டர் என்ற சொல் தென்தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதன்று. எண்பதுகளில் இலங்கையின் ரூபவாகினியைப் பிடிப்பதற்காக ஓட்டு வீடுகளின் மேல் மூங்கிலைவிட உயரமான இரும்புக் குழாய்களில் மீன்முள் ஆன்டெனாக்கள் ஏறின. கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகும் அவை இறங்கவில்லை. ஆன்டெனாவுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவே ஒரு பூஸ்டரை மாட்டினால் படத்தில் விழும் பனி குறையும். ஒருவர் மேலே நின்று குழாயைத் திருப்புவார். ஒருவர் முற்றத்தில் நிற்பார். ஒருவர் உள்ளே திரையைப் பார்ப்பார். "இப்பத் தெரியுதா?" என்ற குரல் மேலிருந்து இறங்கும், "போச்சு, போச்சு, பழையபடி வைங்க" என்ற குரல் கீழிருந்து ஏறும். அந்த மீன்முள்ளை 1926இல் ஜப்பானில் யாகி, உடா என்ற இரண்டு பேராசிரியர்கள் வடிவமைத்தார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. குழாயைத் திருப்பினால் உலகம் தெரியும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆகவே, இணையக் கடை ஒன்றில் வீட்டுச் சிக்னல் பூஸ்டர் என்று ஒரு பெட்டி விற்பனைக்கு இருப்பதைக் கண்டதும் நாங்கள் தயங்கவில்லை. பழைய நண்பனைச் சந்தித்ததுபோல் இருந்தது. வெளியே மாட்ட ஒரு மீன்முள் ஆன்டெனா, பதினைந்து மீட்டர் கேபிள், ஒரு பெருக்கி, வீட்டுக்குள் வைக்க ஒரு சிறிய ஆன்டெனா. மாடியில் ஏறி, சிக்னல் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் திருப்பி மாட்டிக்கொள்ளுங்கள் என்றது கையேடு. மாட்டினோம். அம்மாவின் செல்பேசியில் நான்கு கோடுகளும் நிமிர்ந்தன.

அந்த நான்கு கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த விவகாரத்தின் பாதிக் குழப்பம் அவற்றில் இருக்கிறது.

செல்பேசித் திரையில் தெரியும் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதைச் செல்பேசி தயாரிப்பவர்களே முடிவு செய்கிறார்கள். உண்மையான அளவு டிபிஎம் என்ற எண். பெரும்பாலான செல்பேசிகளில் அமைப்புகளுக்குள் சென்று, சிம் நிலையைத் திறந்தால் அது தெரியும். எப்போதும் கழித்தல் குறியோடுதான் இருக்கும். கழித்தல் 70 என்றால் கோபுரத்துக்கு அருகில் இருக்கிறோம் என்று பொருள். கழித்தல் 110 என்றால் பேச்சு அறுந்து அறுந்து வரும். இரண்டுக்கும் வேறுபாடு 40 தானே என்று நினைத்துவிடக் கூடாது. இது மடக்கைக் கணக்கு. ஒவ்வொரு 10க்கும் ஆற்றல் பத்து மடங்கு மாறும். 40 என்பது பத்தாயிரம் மடங்கு. எங்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டடி அகலக் கல்சுவர்களுக்கு நடுவே, அந்த எண் கழித்தல் 115ஐ ஒட்டியே இருந்தது. மாடியில் கழித்தல் 98.

கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலைக்கரடு இருந்துவிட்டால் இப்படித்தான். செல்பேசி அலை ஒளியின் உறவினன். மலையைத் துளைத்து வராது. முகட்டில் பட்டுச் சற்று வளைந்து இறங்கி வருவது மட்டுமே அடிவாரத்துக்குக் கிடைக்கும். போடி மேற்கு மலைகளில், பொட்டிப்புரத்துக்கு அருகே, நியூட்ரினோ ஆய்வகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் முடங்கிப்போன திட்டம் அது. அந்த மலையை அறிவியலாளர்கள் விரும்பியதற்குக் காரணம், ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை மற்ற எல்லாத் துகள்களையும் தடுத்து, நியூட்ரினோவை மட்டும் உள்ளே விடும் என்பதே. எங்கள் மலைகள் எதையும் லேசில் உள்ளே விடாதவை என்பதை அவர்கள் கணக்குப் போட்டுக் கண்டறிந்தார்கள். நாங்கள் "கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டு அறிந்தோம்.

இனிப் பெருக்கிக்கு வருவோம். பெருக்கி எதையும் உண்டாக்குவதில்லை. மாடியில் இருப்பதை வாங்கி, பெரிதாக்கி, கூடத்தில் விடுகிறது. கூடத்துச் செல்பேசி சொல்வதை வாங்கி, பெரிதாக்கி, மாடியிலிருந்து கோபுரத்துக்கு அனுப்புகிறது. மாடியிலேயே ஒன்றும் இல்லையென்றால் ஒன்றுமில்லாததைத்தான் பெருக்கும். இரைச்சலோடு வந்தால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கோபுரம் பேசும் அலைவரிசை பெருக்கியின் வரிசையில் இல்லையென்றால் அது வெறும் அலங்காரப் பெட்டி. ஒரே நிறுவனம்கூட இடத்துக்கு இடம் வெவ்வேறு அலைவரிசைகளில் பேசுகிறது. பெட்டியின் மேல் இருப்பதோ இரண்டு மூன்று எண்கள். வாங்குவதற்கு முன் இதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் பெட்டி வேலை செய்தது. ஆனால் யாருடைய குரலைப் பெருக்கியது என்று நாங்கள் கேட்கவில்லை.

*

ஆடி மாதத்தின் ஓர் இரவு. பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று எப்படி வீசும் என்பதைத் தேனிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கும் தெரியும். அம்மாவுக்கு இளைப்பு கண்டது. மூச்சு முட்டியது. அப்பா செல்பேசியை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினார். நான்கு கோடுகள் இருந்தன. அழைப்பு முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. மறுமுனையில் ஒரு பெண் மிகுந்த பரிவோடு மலையாளத்தில் பேசினார்.

பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு மலையாளம் புரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டமும் இந்தப் பக்கம் வீடுமாக வாழும் ஊர்கள் எங்களுடையவை. சித்திரா பௌர்ணமியன்று இரண்டு மாநிலத்தவரும் சேர்ந்து ஏறும் மங்கலதேவி கண்ணகி கோயில் எங்கள் தலைக்கு மேல்தான் இருக்கிறது. ஆகவே மொழி தடையாக இல்லை. எந்த மாவட்டம் என்று அந்தப் பெண் கேட்டார். தேனி என்றார் அப்பா. அது எங்கள் எல்லையில் வராதே, தமிழ்நாட்டு எண்ணுக்கு அல்லவா போக வேண்டும் என்று அவர் பதறினார். தமிழ்நாட்டு எண்ணும் அதே எண்தான். அப்பா மறுபடி அழுத்தினார். மறுபடி அதே மையம்.

நடந்தது இதுதான். சிக்னல் அதிகமுள்ள பக்கம் திருப்பச் சொன்னது கையேடு. நாங்களும் மேற்கே, குமுளிப் பக்கம் திருப்பியிருந்தோம். அந்தத் திசையில், மலைத்தோளில் நிற்கும் கோபுரம் கேரள வட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம். கேரளம் இன்னொரு வட்டம். மூன்று இலக்க அவசர எண்கள், எந்தக் கோபுரம் அழைப்பை வாங்குகிறதோ அதன் பக்கத்து மையத்துக்குப் போய்விடக்கூடும். எல்லை ஊர்களில் பெருக்கி இல்லாமலேயே இது நிகழ்வதுண்டு. எங்கள் பெருக்கி அந்தத் தற்செயலை நிலையான ஏற்பாடாக மாற்றியிருந்தது. செல்பேசிக்கு வேறு கோபுரம் இருப்பதே தெரியாதபடி ஒரு குரலை மட்டும் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

அம்மாவைக் காப்பாற்றியது செல்பேசி அன்று. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்தார். ஏலக்காட்டு வேலைக்குச் செல்பவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், பொழுது சாயும்போது திரும்பும் நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருவர். தெருமுனைக்கு ஓடி, காலையில் தன்னை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநரை எழுப்பிக் கூட்டி வந்தார். அரை மணி நேரத்தில் அம்மா கம்பத்தில் மருத்துவமனையில் இருந்தார். நாங்கள் மூவரும் மறுநாள் காலையில்தான் அறிந்தோம்.

*

உடனே ஊருக்குப் போனோம். படித்தவர்களின் முதல் எதிர்வினை கருவியைச் சரிசெய்வதுதான். மாடியில் ஏறி ஆன்டெனாவை மேற்கிலிருந்து கிழக்கே, பள்ளத்தாக்கின் தரையில் நிற்கும் தமிழ்நாட்டுக் கோபுரத்தை நோக்கித் திருப்பினோம். கோடுகள் மூன்றாகக் குறைந்தன. இருந்தாலும் சொந்த மாநிலத்துக் கோடுகள். அவசர எண் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகக் கிளம்பினோம்.

இரண்டு வாரத்தில் அம்மாவின் குரல் மறுபடி அறுந்தது. கோடுகள் இருக்கின்றன, குரல் இல்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதாக அப்பா சொன்னார். தொலைவில் இருந்தபடியே நாங்கள் வைத்தியம் பார்த்தோம். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னோம். கேபிள் இணைப்பில் மழைநீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். மின்னழுத்தம் குறைவாக இருக்குமோ என்று ஸ்டெபிலைசர் வாங்கி அனுப்பினோம். காற்றில் ஆன்டெனா திரும்பியிருக்குமோ என்று அப்பாவை மாடியேற்றினோம். எழுபத்தாறு வயதில், ஆடிக்காற்றில். அதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் அப்பா ஒரு பழைய டிவி மெக்கானிக்கை அழைத்து வந்தார். ஒரு காலத்தில் எங்கள் தெருவின் எல்லா மீன்முள்களையும் ஏற்றியவர் அவர். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. மாடிக்கும் கூடத்துக்குமாக இரண்டு முறை நடந்தார். பிறகு செல்பேசியில் எங்களிடம் சொன்னார். மாடியின் மூலையில் நின்று சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"தம்பி, இது டவரு சொல்றதக் கேக்கல. தான் சொல்றதத் தானே கேட்டு, அதையே இன்னும் சத்தமாச் சொல்லிக்கிட்டு இருக்கு. திருவிழாவுல மைக்க ஸ்பீக்கருக்கு முன்னால கொண்டுபோனா கீன்னு கத்துமுல்ல, அது மாதிரி. இது சத்தமில்லாமக் கத்துது, அம்புட்டுத்தான்."

முற்றிலும் சரி. இத்தகைய பெருக்கிகள் 70 டெசிபல் பெருக்குவதாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. 70 டெசிபல் என்பது ஒரு கோடி மடங்கு. ஒரு கோடி மடங்கு பெரிதாக்கி உள்ளே விடுவதில் ஒரு துளி கசிந்து வெளி ஆன்டெனாவை எட்டினாலும் அது மறுபடி ஒரு கோடி மடங்காகும். அந்தக் கசிவைத் தடுக்க, இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையிலான தடுப்பு, பெருக்கத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். வெளி ஆன்டெனா உள் ஆன்டெனாவுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது இதனால்தான். மேற்கே பார்த்தபோது எங்கள் ஆன்டெனா வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது. கிழக்கே திருப்பியபோது வீட்டின் மேலாகவே பார்க்கத் தொடங்கியது. அதன் பார்வையில், தகரம் வேய்ந்த கூடத்து முகப்புக்குக் கீழே, உள் ஆன்டெனா இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெட்டி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். "தெருவுல விசாரிச்சுப் பாருங்க. ஒரு மாசமா யாருக்கும் லைன் நிக்கலங்குறாங்க."

விசாரித்தோம். உண்மைதான். பெருக்கியின் கூச்சல் கூடத்தோடு நிற்பதில்லை. கோபுரத்தை நோக்கியும் போகிறது. கோபுரம் என்பது ஒரு காது. மலையடிவாரத்திலிருந்து வரும் நூறு செல்பேசிகளின் மெல்லிய குரல்களை அது கூர்ந்து கேட்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து ஓயாமல் இரைச்சல் வந்தால், பக்கத்து வீடுகளின் மெல்லிய குரல்கள் அதில் மூழ்கிவிடும். மூழ்கியவற்றில் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுடையது. மதியம் கஞ்சி குடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து பிள்ளைகளுக்குப் பேசுவது அவர் வழக்கம். பள்ளி விட்டு வந்தாயா, சாப்பிட்டாயா என்று கேட்கும் இரண்டு நிமிடம். ஒரு மாதமாக அது அறுந்துகொண்டே இருந்திருக்கிறது. மலையில்தான் சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அழைப்பு அறுந்தது அவர் நின்ற மலையில் அன்று. பிள்ளைகள் இருந்த வீட்டில், எங்கள் சுவருக்கு மறுபக்கத்தில்.

பெட்டியை அணைத்தோம். அடுத்த நாள் மதியம் அவர் அழைப்பு நின்றது.

*

இதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தோம். முன்பே படித்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் இத்தகைய பெருக்கியை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். 2022 ஜூலையில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பொதுமக்களுக்கு இதை அறிவித்தது. இணையக் கடைகளையும் எச்சரித்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதியற்ற வானலைக் கருவிகளைக் குற்றமாகவே கருதுகிறது. அதே நேரத்தில், அந்தப் பெட்டி மூன்று நாளில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் கையெழுத்து மட்டுமே வாங்கினார்.

சட்டத்தின் நோக்கம் நியாயமானது. அதை எங்கள் தெருவே எங்களுக்குக் கற்பித்தது. வானலை என்பது கண்மாய் நீரைப் போன்றது. ஒருவர் தன் வயலுக்கு மட்டும் மடையை உடைத்துக்கொண்டால் கடைமடை காயும். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் இதை மறந்திருக்கக் கூடாது.

ஆனால் மடையை உடைத்தவனைக் கேட்கும் கேள்வியோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். கடைமடைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?

வெளிநாடுகள் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2013இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, தரம் நிர்ணயிக்கப்பட்ட பெருக்கிகளை நிறுவனத்தின் ஒப்புதலோடு, பதிவு செய்து, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 2018 முதல், குறிப்பிட்ட தொழில்நுட்ப வரம்புகளுக்கு உட்பட்ட வீட்டுப் பெருக்கிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. இந்தக் கருவிகளுக்கான நிபந்தனைகளின் சாரம் எளியது. தன் குரலைத் தானே கேட்கத் தொடங்கினால் பெருக்கி தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். தேவைக்கு மேல் கத்தக் கூடாது. எங்கள் மெக்கானிக் பத்து நிமிடத்தில் சொன்னதைத்தான் அவர்கள் விதியாக எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் நேர்மையாகச் சட்டத்தை மதிக்கும் வீட்டுக்காரருக்கு வாங்குவதற்கு ஒன்றுமில்லை. மதிக்காதவருக்கு நூறு பெட்டிகள் கிடைக்கின்றன. தடை இருக்கிறது, மாற்று இல்லை. மாற்று இல்லாத தடை கள்ளச் சந்தையைத்தான் வளர்க்கும்.

நிறுவனங்களைக் கேட்கும் வழி உண்டா என்றால், உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லலாம். அறுந்துபோகும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய்க்கு மேற்படாமல், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் விதித்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது. 2024இல் ஆணையம் புதிய சேவைத்தர விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும்; எங்கெங்கே சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீடு அந்த வரைபடத்தில் வண்ணம் தீட்டப்பட்ட பகுதிக்குள்தான் இருக்கிறது. தேனி நகரத்து ஐந்து கோடுகளையும் எங்கள் கூடத்து வெறுமையையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் சராசரியில் யாரும் வசிப்பதில்லை. முடங்குவதற்கு ஈடு உண்டு. என்றைக்குமே சரியாக எழுந்து நிற்காததற்கு ஈடு இல்லை.

*

இப்போது எங்கள் வீட்டில் பெட்டி இல்லை. பள்ளத்தாக்கில் கேபிள் டிவிக்காரர்கள் கண்ணாடி இழை இணையத்தை அடிவாரம் வரை இழுத்துவிட்டார்கள். அதை வாங்கி, செல்பேசியில் வைஃபை வழி அழைப்பு வசதியை இயக்கினோம். 2019 இறுதியிலிருந்து நம் நாட்டில் கிடைக்கும் வசதி இது. கட்டணம் தனியாக இல்லை. குரல் கோபுரத்தைத் தேடாமல் இழையின் வழியே போகும். மின்சாரம் போனால் ரூட்டரும் அணைந்துவிடும் என்பதால் அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்தோம். வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்றையும் அப்பாவின் செல்பேசியில் போட்டோம். ஒரு நிறுவனத்தின் கோபுரம் மலைக்குப் பின்னால் இருந்தாலும் இன்னொன்றினுடையது முன்னால் இருக்கலாம். பெருக்கி வாங்க நினைக்கும் வாசகர்கள் இந்த இரண்டையும் முதலில் முயல வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். பெட்டியின் விலையைவிடக் குறைவு. பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையும் இல்லை. எல்லை ஊர்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பத்து இலக்க எண்ணையும், ஊரில் வண்டி வைத்திருப்பவரின் எண்ணையும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது. பத்து இலக்க எண் எந்த மாநிலத்துக் கோபுரத்தின் வழியே போனாலும் சேர வேண்டிய இடத்துக்கே சேரும்.

எங்கள் சிக்கல் தீர்ந்தது. ஆயினும் கட்டுரையை இங்கே முடிப்பது நேர்மையாகாது. மாதச் சந்தாவும் ரூட்டரும் யுபிஎஸ்ஸும் எங்களால் முடிந்தன. பக்கத்து வீட்டு அக்காவால் முடியாது. எங்கள் வைஃபையின் கடவுச்சொல்லை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். அது அயலார் செய்யும் உதவி. அதைத் தீர்வு என்று சொல்லிவிட முடியாது. தெருவின் மற்ற வீடுகள் இன்னமும் மாடி மூலைகளைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆகவே எங்கள் தரப்பு இது. சேவையின் தரத்தை மாவட்டச் சராசரியில் அளக்காமல் அடிவாரத்துக் கடைசி வீட்டின் கூடத்தில் நின்று அளக்க வேண்டும். அங்கே கோபுரம் கட்டுவது இலாபமில்லை என்றால், நிறுவனமே தன் பொறுப்பில் தரமான பெருக்கியைப் பொருத்தித் தரட்டும்; அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசு நிதியில் எழுப்பப்பட்ட 4ஜி கோபுரங்களை வெவ்வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. மலையடிவாரங்களில் எல்லாக் கோபுரங்களுக்கும் அதை விரிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஓர் ஊரில் மூன்று நிறுவனங்கள் தனித்தனியே அரைகுறையாகக் கேட்பதைவிட, ஒரு கோபுரம் எல்லோருக்காகவும் முழுமையாகக் கேட்பது மேல். எல்லையோர ஊர்களின் அவசர அழைப்புகளை இரண்டு மாநில மையங்களும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் வழி வேண்டும். அன்றிரவு மறுமுனையில் பதறிய அந்தப் பெண் உதவ விரும்பினார். அவர் கையில் அதற்கான பொத்தான்தான் இல்லை.

சென்ற வாரம் அம்மா பேசினார். குரல் தெளிவாக இருந்தது; பின்னால் காற்றின் ஓசைகூடக் கேட்டது. பழக்கம் விடவில்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை "கேக்குதா?" என்றார். கேட்கிறது என்றோம். "அந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டார், பக்கத்து வீட்டு அக்காவை நினைத்து. அன்று மின்சாரம் போயிருந்தது. அவர் அப்போது எங்கள் மாடி மூலையில் நின்று, மலையில் வேலைக்குப் போயிருக்கும் தங்கையின் எண்ணை மூன்றாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தாராம்.